வாக்காளர் பட்டியலில் பால்: திருநர், பால்புதுமை இளையோரின் வாக்குரிமையும் படிவச் சொற்களும்

முன்னுரை

‘வாக்காளர்’ என்னும் சொல் ஆண், பெண் எனப் பால் பகுத்துக் காட்டாதது. ‘அர்’ ஈற்றால் அமைந்த இச்சொல் பலர்பாலாகவும் உயர்வு கருதிய ஒருமையாகவும் நின்று எவரையும் சுட்டும். இந்திய அரசமைப்பின் 325ஆம் உறுப்பும் சமயம், இனம், சாதி, பால் ஆகியவற்றைக் காரணமாகக் கொண்டு எவரையும் வாக்காளர் பட்டியலினின்று விலக்கலாகாது என்கிறது. ஆயினும், அப்பட்டியலில் இடம்பெற விழைவோர் நிரப்பும் படிவம் பாலை வினவுகிறது; உறவினர் ஒருவரின் பெயரையும் வினவுகிறது. பெரும்பாலோர் ஒரு நிமிடத்தில் கடந்துசெல்லும் இவ்விரு வினாக்களும், வீட்டைவிட்டு வெளியேறிய அல்லது வெளியேற்றப்பட்ட பதினெட்டு, பத்தொன்பது அகவையினரான திருநர் இளையோர்க்குத் தடைக்கற்களாகின்றன. அவ்வினாக்களின் சொல்லமைப்பையும், அவற்றைக் கடக்கச் சட்டத்தில் உள்ள வழிகளையும் இக்கட்டுரை தமிழ்நாட்டுச் சூழலில் வைத்து விளக்க முற்படுகின்றது.

ஈறு இல்லாப் பெயர்

இரு பாலுள் அடங்காதாரை எவ்வாறு சுட்டுவது என்னும் வினா தமிழ் இலக்கணத்திற்குப் புதிதன்று. தொல்காப்பியக் கிளவியாக்கம், ஆண்மை திரிந்தாரைக் குறிக்கும் பெயர்க்குத் தனக்கெனப் பால் உணர்த்தும் ஈறு இல்லை எனவும், அது உயர்திணைப் பாலீறுகளையே கொண்டு முடியும் எனவும் கூறுகின்றது. உயர்திணைக்குள் வைத்தே பேசுவது இங்குக் கருதத்தக்கது. பிற்கால நன்னூலோ, பெண்மை நீங்கி ஆண்மை விழைவதை ஆண்பாலாகவும், ஆண்மை நீங்கிப் பெண்மை விழைவதைப் பெண்பாலாகவும் கொள்கிறது. விழைவே பாலைத் தீர்மானிக்கும் என்னும் இப்பகுதி இன்றைய வாசகரை வியக்கச் செய்யும். ஆனால் அதே நூற்பா, இவ்விரண்டும் அஃறிணை போலவும் அமையும் என்றும் இசைவளிக்கின்றது. இவ்விசைவு மொழிமரபு பற்றியது மட்டுமே எனக் கடந்துவிடுதல் எளிதன்று.

நிர்வாக மொழியும் இதே சிக்கலில் நெடுங்காலம் நின்றது. 2009 நவம்பர் வரையில் வாக்காளர் படிவத்தில் இரண்டு கட்டங்களே இருந்தன. அம்மாதத்தில் இந்தியத் தேர்தல் ஆணையம், ஆண் எனவோ பெண் எனவோ குறிக்க விரும்பாத திருநரும் ஊடுபாலினரும் ‘மற்றவர்’ எனக் குறிக்க இடமளித்தது. தமிழில் அது ‘இதரர்’ எனவும் வழங்கிற்று. பட்டியலின் கடைசியில் எஞ்சியோர்க்கெனத் திறந்த கட்டம் அது என்பதை அச்சொல்லே காட்டிக்கொடுத்தது. 2014 ஏப்ரல் 15இல் தேசியச் சட்டப் பணிகள் ஆணைய வழக்கில் உச்ச நீதிமன்றம் மூன்றாம் பாலினத்தை ஏற்ற பின்னர், ‘மூன்றாம் பாலினத்தவர்’ என்பது படிவச் சொல்லாயிற்று.

இதற்கு முன்பே தமிழ்நாட்டில் வேறொரு சொல்வரலாறு நிகழ்ந்தது. 2008 ஏப்ரலில் அரவாணிகள் நலவாரியம் தோற்றுவிக்கப்பட்டது. பெயரிலிருந்த ‘அரவாணி’ வழக்கொழிய, ‘திருநங்கை’ நிலைபெற்றது. ‘திருநம்பி’யும், இருவரையும் அடக்கும் ‘திருநர்’ என்பதும் தொடர்ந்தன. சுஷ்மா வழக்கில் 2021 சூன் 7 அன்று நீதியரசர் என். ஆனந்த் வெங்கடேஷ் பிறப்பித்த ஆணையின் தொடர்ச்சியாக, இத்துறைச் சொற்களின் பட்டியலொன்றை 2022இல் தமிழ்நாடு அரசு அரசிதழில் வெளியிட்டது. ‘பால்புதுமையர்’, ‘ஊடுபாலினர்’ முதலிய சொற்கள் இன்று இதழ்களிலும் பயில்கின்றன. ‘திருநர்’, ‘பால்புதுமையர்’ ஆகிய இரண்டும் ‘வாக்காளர்’ போலவே ‘அர்’ ஈறு பெற்றவை. தமக்கென ஈறில்லை எனப்பட்டோர் பொது ஈற்றிலேயே தம் பெயரை அமைத்துக்கொண்டனர். படிவத்தில் மட்டும் எண்ணுப்பெயரே நிலைக்கின்றது. முதலாவது எது, இரண்டாவது எது என வினவினால் அதற்கு விடையில்லை.

படிவம் 6: உறவு என்னும் கட்டம்

புதிதாகப் பெயர் சேர்ப்பதற்கு உரியது படிவம் 6. முகவரி மாற்றத்திற்கும் பெயர், பால், ஒளிப்படம் ஆகியவற்றின் திருத்தத்திற்கும் உரியது படிவம் 8. 2022 முதல் சனவரி, ஏப்ரல், சூலை, அக்டோபர் ஆகிய நான்கு மாதங்களின் முதல் நாளும் தகுதி நாள்களாக உள்ளன. பதினேழு அகவை நிறைந்தோர் முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம்.

இப்படிவத்தின் உறவினர் பகுதி தனித்து ஆராயத்தக்கது. தந்தை, தாய், கணவர், மனைவி ஆகியோருடன், ஆதரவற்றோர்க்குச் சட்டப்படியான பாதுகாவலர் பெயரும், மூன்றாம் பாலினத்தவர்க்குக் ‘குரு’வின் பெயரும் எழுத இடமுண்டு. குருதியுறவும் மணவுறவும் அல்லாத ஓர் உறவை இந்திய அரசின் படிவமொன்று ஏற்பது அரிது. இது பெரிதும் வரவேற்கத்தக்கது. எனினும் ‘குரு’ என்பது வட இந்திய இஜ்ரா மரபின் சொல். தமிழ்நாட்டுத் திருநங்கையர் ஜமாத் அமைப்பில் குரு, சேலா என்னும் வழக்குடன் தாய், மகள் என்னும் முறைப்பெயர்களும் ஆழ வேரூன்றியவை. மகளாக ஏற்ற அம்மாவின் பெயரை ‘குரு’ கட்டத்தில் எழுதுவதா, ‘தாய்’ கட்டத்தில் எழுதுவதா என்னும் ஐயம் இங்கு எழுவது இயல்பே. பிறப்புச் சான்றிதழிலுள்ள தாயின் பெயரோடு முரண் நேராதிருக்க, முதலாவதே ஏற்றது. திருநம்பியர்க்கோ இத்தகைய மரபமைப்பு பொதுவாக இல்லை. தன்பாலீர்ப்புடைய இளையோர் தம் இணையரோடு வாழினும் அவ்வுறவை எழுதப் படிவத்தில் இடமே இல்லை. இவ்விரு சாராரும் தம்மை வெளியேற்றிய தந்தையின் பெயரையே மீண்டும் எழுத நேர்கின்றது. அவ்வாறு எழுதுவதற்கு அத்தந்தையின் ஒப்புதல் தேவையில்லை என்பதை அறியாது விண்ணப்பத்தையே கைவிடுதல் தவிர்க்கத்தக்கது.

முகவரிச் சான்று அடுத்த தடை. வாடகை ஒப்பந்தமோ குடிநீர்க் கட்டணச் சீட்டோ இளையோர் பெயரில் இருத்தல் அரிது. பட்டியலிட்ட ஆவணங்களுள் ஒன்றும் இல்லாதவிடத்து அலுவலர் நேரில் சென்று சரிபார்த்தல் கட்டாயம் எனப் படிவமே கூறுகின்றது. வீடற்றோரைப் பொறுத்தவரை, அவர் குறிப்பிட்ட இடத்தில் உறங்குவதை வாக்குச்சாவடி நிலை அலுவலர் இரவில் சென்று கண்டறிந்தால் போதும், ஆவணம் வேண்டப்படுவதில்லை. 1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் கேட்பது வழக்கமாக வசிக்கும் இடத்தை, சொந்த வீட்டையன்று. விண்ணப்பம் மறுக்கப்படின் மாவட்டத் தேர்தல் அலுவலரான ஆட்சியரிடம் 15 நாள்களுக்குள் முறையிடலாம். அங்கும் மறுக்கப்படின் 30 நாள்களுக்குள் தலைமைத் தேர்தல் அலுவலரிடம் செல்லலாம். ஏற்கெனவே உள்ள பெயரை, விளக்கம் கூற வாய்ப்பளிக்காது வசிப்பிட மாற்றத்தைக் காட்டி நீக்குதல் அச்சட்டத்தின் 22ஆம் பிரிவிற்கு மாறானது.

2025 நவம்பரில் தமிழ்நாட்டில் தொடங்கிய சிறப்புத் தீவிரத் திருத்தம் இச்சிக்கலைக் கூர்மையாக்கிற்று. முந்தைய தீவிரத் திருத்தப் பட்டியலில் தம் பெயரையோ உறவினர் பெயரையோ சுட்டுமாறு கணக்கீட்டுப் படிவம் கேட்டது. பழைய பெயரையும் பழைய பாலையும் துறந்தவர்க்கு அப்பட்டியல் தாம் விட்டுவந்த வீட்டின் ஆவணம். ஊருக்குச் சென்று கேட்டறியும் நிலையில் அவர்களுட் பலர் இல்லை.

எண்கள் கூறுவன

2024 மக்களவைத் தேர்தலில் நாடு முழுவதும் மூன்றாம் பாலினத்தவராகப் பதிந்தோர் ஏறத்தாழ 48,000 பேர். அவர்களுள் வாக்களித்தோர் 27 விழுக்காட்டினர். 2019இல் இது 15 விழுக்காட்டினும் குறைவு. பதிவில் முன்னிற்பது தமிழ்நாடு, 8,000க்கும் மேற்பட்டோருடன். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ‘பிறர்’ என எண்ணப்பட்டோரோ 4,87,803 பேர். குழந்தைகளும் இதில் அடங்குவர். ஆணாகவோ பெண்ணாகவோ பதிந்துகொண்ட திருநர் வாக்காளர் இவ்விரு கணக்கிலும் புலப்படார். எனவே இரு எண்களையும் நேரே ஒப்பிடுதல் பொருந்தாது. ஆயினும் இடைவெளி பெரிது. பதிந்தவருள்ளும் நால்வரில் ஒருவரே சாவடிக்குச் சென்றார் என்பது அதனினும் கவலைக்குரியது. பாலீர்ப்பு எங்கும் வினவப்படாமையின் ஏனைய பால்புதுமையரின் கணக்கு எந்த ஏட்டிலும் இல்லை. வினவாதிருத்தலே அவர்க்குக் காப்பு எனலாம்.

சாவடியில் நிற்பது ஆண், பெண் என இரு வரிசை. அட்டையிலுள்ள முகம் ஒன்று, எதிரில் நிற்கும் முகம் வேறு. ஒளிப்படம் பொருந்தாவிடில் ஆணையம் ஏற்ற மாற்று ஆவணமொன்றைக் காட்டி வாக்களிக்கலாம். எழுத்துப்பிழை போன்ற சிறு வேறுபாடுகளைப் பொருட்படுத்தலாகாது என்பது ஆணையத்தின் அறிவுரை. வாக்குச்சாவடி முகவர் ஒருவர் இரண்டு ரூபாய் செலுத்தி அடையாளத்தை எதிர்த்தாலும், வினவப்படுவது அவர் அந்த வாக்காளர்தாமா என்பதே. ஆணா பெண்ணா என்பதன்று. அவ்வேளையில் அதே தெருவைச் சேர்ந்த தோழமையாளர் ஒருவர் வரிசையில் உடனிருந்து ‘இவரை அறிவேன்’ எனக் கூறுதல் அச்சிட்ட விழிப்புணர்வுத் தாள்கள் பலவற்றினும் பயன் தரும்.

வேட்பாளராதல்

மத்தியப் பிரதேசத்தின் சொஹாக்பூரில் ஷப்னம் மௌசி சட்டமன்ற உறுப்பினரானார். அதே மாநிலத்தின் கட்னி நகரில் மேயராக வென்ற கமலா ஜானின் வெற்றியோ, அப்பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது என்னும் காரணத்தால் நீதிமன்றத்தால் செல்லாததாக்கப்பட்டது. 2021 சனவரியில் மும்பை உயர் நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு இதற்கு மாறான நிலையை மேற்கொண்டது. ஜள்காவ் மாவட்ட ஊராட்சித் தேர்தலில் பெண்களுக்குரிய இடத்தில் அளித்த வேட்புமனு தள்ளப்பட்ட திருநங்கை ஒருவர், தம்மைப் பெண்ணாகக் கொண்டு போட்டியிட இசைவு பெற்றார், வெற்றியும் பெற்றார். அவ்வழக்கில் மனுதாரர் பெயர் ‘அஞ்சலி குரு சஞ்சனா ஜான்’ என்றே பதிவாகியுள்ளது. தந்தை பெயர் நிற்குமிடத்தில் குருவின் பெயர் நிற்கின்றது.

தமிழ்நாட்டில் 2020இல் ரியா திருச்செங்கோடு ஒன்றியத்தில் வென்றார். 2022இல் கங்கா வேலூர் மாநகராட்சியின் 37ஆம் வார்டில் வென்றார். 2016இல் மதுரை வடக்கில் போட்டியிட்ட கோபி சங்கர் வெளிப்படையாக அறிவித்துக்கொண்ட ஊடுபால் வேட்பாளர். சென்னையில் சகோதரன், ஓரினம் முதலிய அமைப்புகளும் மதுரையில் சிருஷ்டியும் நெடுநாள் ஆற்றிய பணி இவ்வெளிப்பாட்டிற்கு நிலம் பண்படுத்திற்று.

2023 அக்டோபர் 17இல் சுப்ரியோ வழக்கில் உச்ச நீதிமன்றம் தன்பால் இணையரின் திருமண உரிமையை ஏற்க மறுத்து, அதனைச் சட்டமன்றங்களின் எல்லைக்கு உரியதாக்கியது. அதன்பின் வந்த 2024 தேர்தலில் காங்கிரசு தன் அறிக்கையில் இணைவாழ்வை ஏற்கும் சட்டம் பற்றிப் பேசியது. பாரதிய சனதா திருநர்க்கான தங்குமிடங்களையும் அடையாள அட்டைகளையும் மருத்துவக் காப்பீட்டையும் பேசியது. ஒன்று இணையரை நோக்கியது. மற்றொன்று நலத்திட்டப் பயனாளியை நோக்கியது. வேட்பாளரிடம் எதனை வினவுவது எனத் தேரும் இளையோர் இவ்வேறுபாட்டை அறிந்திருத்தல் வேண்டும். உள்ளாட்சி வேட்பாளரிடம் திருமணச் சட்டத்தை வினவுவதில் பயனில்லை. பேருந்து நிலையக் கழிப்பறையையும் வாடகை வீடு மறுக்கப்படுவதையும் வினவலாம்.