தூரிகையும் தம்புராவும்

காக்ஸ் டவுனில் பாட்டு வகுப்பு நடக்கும் நம்மவர் வீடுகளில் சங்கீத மும்மூர்த்திகளின் படத்தைப் பார்த்திருப்பீர்கள். தியாகராஜர், முத்துசுவாமி தீட்சிதர், சியாமா சாஸ்திரி மூவருக்கும் புகைப்படம் கிடையாது. இன்று அவர்களை நாம் மனக்கண்ணில் காணும் உருவத்தைப் பெரும்பாலும் தந்தவர் மயிலாப்பூர் எஸ். ராஜம். படத்தை அறிந்த அளவுக்கு நம் பிள்ளைகள் அவரை அறியவில்லை என்பதால் இதை எழுதுகிறேன்.

1919-ல் பிறந்து 2010-ல் மறைந்த ராஜம், வீணை எஸ். பாலசந்தரின் அண்ணன். 1934-ல் வெளிவந்த 'சீதா கல்யாணம்' படத்தில் ராமராக நடித்தார். பாபநாசம் சிவனிடம் பாட்டுக் கற்றார். சென்னை அரசு ஓவியப் பள்ளியில் படித்தார். அஜந்தா சுவரோவியங்களில் மனம் தோய்ந்து, மேல்நாட்டுப் பாணியை விட்டு நம் மரபில் வரைந்தார். சென்னை வானொலியில் இசைப் பிரிவில் நெடுங்காலம் பணியாற்றினார். வயது முதிர்ந்த பின்னும் மாணவர்களுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்தார்.

அவர் பெயரோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது 72 மேளகர்த்தா ராகங்கள். ரயில்வேயில் வரைபடங்களோடு காலம் கழித்த எனக்கு இந்தக் கணக்கு மிகவும் பிடிக்கும். ரிஷப காந்தாரச் சேர்க்கை 6, மத்யமம் 2, தைவத நிஷாதச் சேர்க்கை 6, பெருக்கினால் 72. இவற்றில் 40 ராகங்கள் விவாதி மேளங்கள். அதாவது, நெருங்கிய சுரங்கள் ஒன்றோடொன்று உரசுபவை. பாடினால் தோஷம் என்று பலர் ஒதுக்கி வைத்திருந்தனர். கோடீஸ்வர ஐயரோ 72 ராகங்களிலும் தமிழில் கீர்த்தனை இயற்றியிருந்தார். ராஜம் அவற்றை அச்சமின்றிப் பாடிப் பரப்பினார்.

அவருடைய ஓவியமும் பாட்டும் தனித்தனி அல்ல. இசை நூல்கள் ஏழு சுரங்களுக்கும் தெய்வம், நிறம் என்றெல்லாம் கூறுகின்றன. அவற்றைப் படித்து, சுரங்களையே உருவங்களாகத் தீட்டினார். ஒன்றைக் காதால் கேட்டவர் அதையே கண்ணுக்கும் காட்டினார்; கற்றதைப் பிறருக்கும் கொடுத்தார்.

பெங்களூரில் நம் வீடுகளில் நடப்பது என்ன? பத்தாம் வகுப்பு வந்ததும் முதலில் நிற்பது பாட்டும் ஓவியமும்தான். தமிழ் எழுத்தோ பல பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே கிடைப்பதில்லை. வீட்டில் தமிழில் பேசும் பிள்ளை, தமிழைப் படிக்கத் தெரியாமலே வளர்ந்துவிடுகிறது.

எல்லாப் பிள்ளையும் ராஜம் ஆக வேண்டாம். வாரத்தில் ஒரு மணி நேரம் போதும். ஒரு தமிழ்க் கீர்த்தனையைத் தன் கையாலேயே தமிழில் எழுதி, பாடி, அதற்கு ஒரு படமும் வரையட்டும். பிறகு அதைத் தம்பி தங்கைக்குச் சொல்லிக் கொடுக்கட்டும். இதனால் தேர்வு மதிப்பெண் குறைந்துவிடாது. மொழி மட்டும் வீட்டை விட்டுப் போகாமல் இருக்கும்.