செயற்கை வால்வும் குருதிக்கட்டியும்

1960ஆம் ஆண்டில் அமெரிக்க வைத்தியர் அல்பேட் ஸ்ரார், பொறியியலாளர் லோவெல் எட்வேட்சுடன் இணைந்து ஆக்கிய வால்வை நோயாளரின் இருதயத்திற் பொருத்தினார். உலோகக் கூட்டினுள் ஒரு பந்து அசையும் அமைப்பினது அது. உயிர்காத்த அவ்வால்வு ஓர் இடரையும் உடன்கொணர்ந்தது. அந்நியப் பொருளைத் தீண்டுங் குருதி உறையும் இயல்பினது. ஆதலின் உலோக வால்வு பெற்றோர், உறைதலைத் தடுக்கும் மருந்தை வாழ்நாள் முழுவதும் உட்கொள்ளல் வேண்டும். அது குன்றுமாயின் கட்டி தோன்றி வால்வின் அசைவைத் தடுத்துவிடும்.

அந்நிலையில் மார்பைத் திறந்து செய்யுஞ் சத்திரசிகிச்சை ஒரு வழி. கட்டியை மருந்தாற் கரைத்தல் மற்றொரு வழி. கரைக்கும் மருந்து, குருதியிலுள்ள பிளாசுமினோசனைப் பிளாசுமினாக மாற்றுகின்றது. பிளாசுமின், கட்டியைப் பிணித்து நிற்கும் பைபிரின் இழைகளை அறுக்கின்றது. ஆயினும், தீங்கு செய்யுங் கட்டியையும் புண்ணை அடைத்துக் காக்குங் கட்டியையும் அம்மருந்து பிரித்தறியாது. அதனால் மூளையிற் குருதி கசியலாம். உடைந்த துணுக்கொன்று மூளையின் நாடியை அடைக்கவுங் கூடும்.

இவ்விடரைக் குறைக்கும் வழியைத் துருக்கி நாட்டு வைத்தியர் ஆராய்ந்தனர். 182 நோயாளரில் 5 முறைகளை ஒப்பிட்டு, 2013இல் முடிபை வெளியிட்டனர். அல்ரெப்பிளேசு என்னும் மருந்தை, 25 மில்லிகிராம் அளவில், 6 மணி நேரமாகச் சிறிது சிறிதாகச் செலுத்தி, வேண்டியவிடத்து மீண்டும் அளித்த முறையே தீங்கு மிகக் குறைந்ததாயிற்று. கட்டியைக் கரைப்பதிலும் அது பின்தங்கவில்லை. மருந்தின் வன்மை மட்டும் போதாது. அதனை அளிப்பதில் நிதானமும் வேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.