கோட்டைக்குள் நடக்கும் பாடம்

பள்ளியை ஒட்டிக் காடு இருந்துவிட்டால் போதும், இடைவேளையில் பிள்ளைகள் அங்கே கோட்டை கட்டத் தொடங்கிவிடுவார்கள். மரத்தின் கவட்டையில் ஒரு நீளக் கிளையைச் சாய்த்து, இருபுறமும் சுள்ளிகளை நெருக்கி அடுக்கி, மேலே சருகைக் கொட்டினால் நாலு பேர் உட்கார இடம் தயார். அமெரிக்கக் கல்வியாளர் டேவிட் சோபல், இங்கிலாந்தின் டெவனிலும் கரீபியத் தீவான கரியாக்கூவிலும் பிள்ளைகளிடம் அவர்கள் புழங்கும் இடங்களை வரையச் சொன்னார். 1993இல் வந்த அவரது நூலின்படி, இரண்டு ஊர்ப் பிள்ளைகளுக்கும் பெரியவர் கண்ணில் படாத சொந்த மறைவிடங்கள் இருந்தன.

உடற்பயிற்சி, இயற்கையோடு பழக்கம் என்று இதன் பலன்களைச் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் பெரிய பலன் சச்சரவில்தான் இருக்கிறது என்பேன். நல்ல கிளைகள் எப்போதும் கொஞ்சம்தான் கிடைக்கும். நேற்று ஒருவன் இழுத்துவந்த கட்டையை, அவன் இன்று வராவிட்டால் எடுக்கலாமா? புதிதாக வந்தவளைச் சேர்க்க யாரைக் கேட்க வேண்டும்? அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் ஒரு பள்ளியின் கோட்டைகளைக் கவனித்து எழுதிய ஆசிரியர் மார்க் பவல், கட்டைத் திருட்டையும் கோட்டைகளுக்கிடையே நடந்த சண்டையையும் பதிவுசெய்திருக்கிறார். விதி எதற்கு என்று இங்கே யாரும் விளக்க வேண்டாம். விதி இல்லாவிட்டால் சாயங்காலத்துக்குள் கூரை போய்விடும்.

பலசாலிப் பிள்ளைகள் மற்றவர்களை மிரட்ட மாட்டார்களா? நியாயமான கவலை. நியூசிலாந்தில் 16 பள்ளிகளில் நடந்து, 2017இல் வெளியான ஆய்வில், சுதந்திரமான விளையாட்டுக்கு இடம் தந்த பள்ளிகளின் பிள்ளைகள் தாங்கள் அதிகம் தள்ளப்பட்டதாகவே சொன்னார்கள். ஆனால் ஆசிரியரிடம் புகார் கொண்டுபோனது குறைவு. பள்ளியில் மகிழ்ச்சியாக இருப்பதாகச் சொன்னவர்கள் அதிகம். தள்ளுமுள்ளைத் தாங்களே தீர்த்துக்கொண்டார்கள் என்று இதை நான் வாசிக்கிறேன். மௌனமாகச் சகித்துக்கொண்டார்கள் என்றும் ஒருவர் வாசிக்கலாம். அதனால்தான் ஆசிரியர் கூப்பிடு தூரத்தில் இருக்க வேண்டும். ஒரே பிள்ளை தினமும் ஒதுக்கப்பட்டால் அவர் தலையிட்டே ஆக வேண்டும். தலைக்கு மேல் தொங்கும் பட்ட கிளைகளை அகற்றுவதும், விழுந்த மரத்தை மட்டுமே எடுக்கச் சொல்வதும், மண் இறுகிய இடத்துக்கு ஓய்வு தருவதும் பெரியவர் வேலை. கட்டி முடித்ததைச் சுத்தம் என்ற பெயரில் மாலையில் கலைத்துவிடுவது அவர்கள் வேலையல்ல. நேற்று முடியாத வழக்கைப் பேசித் தீர்க்க, மறுநாள் அந்தக் கோட்டை அங்கேயே நிற்க வேண்டும்.