உச்சிக்குடும்பன் பேசுவது யார் வாயால்?

வெள்ளைத் திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர் ஒரே ஆள். ஒரு கையில் உச்சிக்குடும்பன், இன்னொரு கையில் உளுவத்தலையன். இரண்டுக்கும் குரல் கொடுப்பவரும் அவரே. கன்னியாகுமரி மாவட்டத்துத் தோல்பாவைக் கூத்தில் இராமாயணம் நடந்தாலும், நல்லதங்காள் கதை நடந்தாலும் இந்தக் கோமாளி ஜோடி எப்படியாவது நடுவில் புகுந்துவிடும். வீட்டில் மராத்தி பேசும் மண்டிகர் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகத் தமிழில் நடத்திவரும் கூத்து இது. அ. கா. பெருமாள், மு. இராமசுவாமி போன்றவர்கள் இதை விரிவாக ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள்.

என்னை விடாமல் பிடித்துக்கொண்ட கேள்வி வேறு. குரல் வருவது ஒரே வாயிலிருந்து. ஆனால் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு அது ஒரு நேரம் உச்சிக்குடும்பனிடமிருந்தும், மறுநேரம் அவன் கூட்டாளியிடமிருந்தும் வருவதாகவே தோன்றுகிறது. இது எப்படி?

ஒலி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதை, இரு காதுகளையும் அது எட்டும் நேர வித்தியாசத்தை வைத்து மூளை கணிக்கிறது. அந்த வித்தியாசம் மிஞ்சிப்போனால் ஒரு மில்லி விநாடிக்கும் குறைவு. மேலிருந்தா, கீழிருந்தா என்று பிரித்தறிவதில் காது இன்னும் பலவீனம். இடத்தைச் சொல்வதில் கண் பல மடங்கு கறார். ஆகவே இரண்டும் வேறு வேறு இடத்தைக் காட்டினால் மூளை பெரும்பாலும் கண் பக்கம் சாய்ந்துவிடும். டேவிட் அலைஸ், டேவிட் பர் என்ற இரு ஆய்வாளர்கள் 2004இல் இதைச் சோதித்தார்கள். காட்சியை நன்றாக மங்கலாக்கியதும் நிலைமை தலைகீழானது. காது சொன்ன இடத்தையே மூளை ஏற்றது. அதாவது அந்தந்த நேரத்தில் எந்தச் சாட்சி நம்பகமானதோ, அதற்கு மூளை கூடுதல் மதிப்புத் தருகிறது.

கூத்துக்காரர் இதை அனுபவத்தில் அறிந்தவர். பேசும் பாவை குலுங்கும், கையை வீசும். கேட்கும் பாவை அசையாமல் நிற்கும். தோலில் வெட்டிய வாய் திறந்து மூட வேண்டிய அவசியமே இல்லை. ஆட்டம் எங்கேயோ, குரலும் அங்கே. அசைவுக்கு உயிர் கொடுக்கும் பழக்கம் நமக்குள் அவ்வளவு ஆழமானது. ஹைடர், சிம்மல் இருவரும் 1944இல் இரண்டு முக்கோணங்களும் ஒரு வட்டமும் நகரும் சிறு படத்தை 34 பேருக்குக் காட்டினார்கள். ஒருவரைத் தவிர மற்ற எல்லோரும் அந்த உருவங்களை உயிருள்ளவையாகவே வருணித்தார்கள்.

இடத்தில் இவ்வளவு தாராளமாக இருக்கும் மூளை, நேரத்தில் கண்டிப்பு காட்டுகிறது. ஒளிபரப்புத் துறைக்கான சர்வதேசப் பரிந்துரை ஒன்று உண்டு. அதன்படி, ஒலி காட்சிக்குப் பின்தங்கினால் சுமார் 125 மில்லி விநாடி வரை பெரும்பாலும் தெரியாது. முந்திவிட்டாலோ 45 மில்லி விநாடியிலேயே கண்டுபிடித்துவிடுவோம். ஏன் இந்த ஓரவஞ்சனை? இயற்கையில் ஒலி எப்போதும் ஒளிக்குப் பின்னால்தான் வரும். குமரி மாவட்டத்து அருமனையில் டிசம்பரில் நடக்கும் கிறிஸ்துமஸ் விழாக் கூட்டத்தில், மேடையிலிருந்து 34 மீட்டர் தள்ளி நிற்பவரை மேடை ஒலிபெருக்கியின் சத்தம் எட்ட ஏறக்குறைய 100 மில்லி விநாடி ஆகும். பேசுபவரின் உதடும் சொல்லும் விலகியதாக அவருக்குத் தோன்றாது. சொல் முன்னே, உதடு பின்னே என்ற அனுபவம் மட்டும் இயற்கையில் கிடையாது.

இந்த இடத்தில்தான், அசைவும் சொல்லும் விலகாதபடி கையும் குரலும் ஒரே ஆளுடையதாக இருப்பதன் அருமை புரிகிறது. இதைத் தொலைக்காட்சியும் கடைப்பிடித்தது. 2002இல் அமெரிக்காவின் பாக்ஸ் சேனலில் ‘கிரெக் த பன்னி’ என்ற நகைச்சுவைத் தொடர் வந்தது. மனிதர்களோடு பாவைகளும் சக குடிமக்களாக வாழும் ஊர். ஒரு முயல் பாவைக்குக் குழந்தைகள் நிகழ்ச்சியில் வேலை கிடைக்கிறது. முயலை ஆட்டியதும் பேசியதும் டான் மிலானோ.   1986 முதல் 1990 வரை ஓடிய ‘ஆல்ஃப்’ தொடரிலும் வேற்றுக்கிரகவாசிப் பாவையைப் பேசி ஆட்டியவர் பால் ஃபுஸ்கோ. அவர் மறைந்திருக்க அரங்கின் தரையையே உயர்த்தி, ஆங்காங்கே பள்ளம் விட்டுக் கட்டியிருந்தார்கள். நம் கூத்துக்காரருக்குப் பள்ளமும் வேண்டாம், உயர்த்திய தரையும் வேண்டாம். ஒரு வேட்டித் துணி போதும்.

குரலை முன்கூட்டியே பதிவுசெய்து ஓடவிட்டு, அதற்கேற்பப் பாவையை ஆட்டினால் என்ன ஆகும்? சத்தத்தைக் கேட்டுக் கை அசையப் பழகியவருக்கும் பொதுவாக 150 மில்லி விநாடி அளவு பிடிக்கும். மனப்பாடமான வசனத்தில் கை ஓரளவு முன்கூட்டியே தயாராகிவிடும் என்பது உண்மை. ஆனால் உச்சிக்குடும்பனின் பேச்சில் பாதி, எதிரே உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்து அந்த நேரத்தில் பிறப்பது. பதிவில் அதற்கு இடமில்லை. கை தவறும் இடத்திலெல்லாம் சொல் முந்தும். மூளை பொறுக்காத திசையும் அதுதான். பள்ளி ஆண்டு விழாவுக்கோ கோயில் விழாவுக்கோ தோல்பாவைக் கூத்தைக் கூப்பிடுகிறவர்கள், நேரத்தைச் சுருக்குவதற்காகப் பதிவு செய்த வசனத்தைக் கேட்காதீர்கள். திரைக்குப் பின்னால் ஒரு நல்ல மைக் வைத்துக் கொடுங்கள்.