உங்களுக்குத் தெரியுமா? ஊர்ப்பெயரின் வால் சொல்லும் வரலாறு

கடல் இல்லாத அம்பாசமுத்திரத்திலும் கோபாலசமுத்திரத்திலும் 'சமுத்திரம்' எப்படி வந்தது? பெரிய ஏரிகளையும் நம் முன்னோர் சமுத்திரம் என்றே அழைத்தார்கள்.

● பேரி: 'பேரேரி' என்பதன் சுருக்கம். ஸ்ரீவல்லபப் பாண்டியன் பெயர் தாங்கிய பேரேரியே சீவலப்பேரி ஆனது. சிற்றாறு தாமிரபரணியில் கலப்பது இவ்வூரருகில்தான்.

● குறிச்சி: குறிஞ்சி நிலத்து ஊர். மேற்குத் தொடர்ச்சி மலையை ஒட்டிய கல்லிடைக்குறிச்சி, ஆழ்வார்குறிச்சி இதற்குச் சான்று.

● மங்கலம்: அரசர்கள் அந்தணர்க்குக் கொடையளித்த ஊர்கள் பலவும் 'சதுர்வேதிமங்கலம்' எனப் பெயர் பெற்றன.

இத்தகைய பெயர்களை ஆராய்ந்து 'தமிழகம் ஊரும் பேரும்' நூலைத் தந்த ரா.பி. சேதுப்பிள்ளை (1896–1961), நெல்லையை அடுத்த இராசவல்லிபுரத்துக்காரர்.

உங்கள் ஊர்ப்பெயர் எப்படி முடிகிறது? வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுக் குறித்து வையுங்கள்.