கோமுகிக்கு மேலே ஓர் உறுமல்

"கெட்டியாப் பிடிச்சுக்குங்க மாமா, விட்டீங்கன்னா கால் போயிடும்" என்றான் அக்கா மகன். கள்ளக்குறிச்சியில் சேலம் சாலையை ஒட்டிய பட்டறை. தலைக்கு மேலே கார் லிஃப்டில் நிற்கிறது. மெக்கானிக் ரப்பர் மவுண்டில் சோப்புத் தண்ணீரைத் தடவி, கம்பியை விட்டு நெம்பினார். ரப்பர் ஜவ்வுமிட்டாய் மாதிரி நீண்டுகொண்டே போய், கடைசியில் பொளக்கென்று கழன்றது. பின்பக்கச் சைலன்சர் முழுக் கனத்தோடு என் கைக்கு வந்தது.

கார் ஹூண்டாய் ஐ20 என் லைன். 2021இல் சந்தைக்கு வந்தது. ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் செய்தது. 998 சிசி, மூன்று சிலிண்டர், டர்போ, 120 பிஎஸ். 1976இல் ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐ விற்பனைக்கு வந்தபின் பரவிய 'ஹாட் ஹேட்ச்' பரம்பரையில் இதையும் சேர்க்கலாமா என்று கார்ப் பித்தர்கள் சண்டை போடுவார்கள். 'வெதுவெதுப்பான ஹேட்ச்' என்று நான் ஒருமுறை சொல்லி, இரண்டு நாள் பேச்சுவார்த்தை நின்றுபோனது.

புதிதாக மாட்டப்போகும் சைலன்சர் பளபளக்கும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். ஒரு முனையில் கண்ணை வைத்தால் மறுமுனையில் பட்டறை வாசல் தெரிகிறது. பழையதில் கண்ணை வைத்தால் கும்மிருட்டு. "பாத்தீங்களா, கம்பெனிக்காரன் அடைச்சு வெச்சிருக்கான். இதைத் தொறந்துவிட்டா வண்டி பறக்கும்" என்றான். எல்லாப் பட்டறையிலும் கேட்கிற பேச்சுதான். அதில் கால்வாசி உண்மை இருக்கிறது.

எஞ்சின் புகையைத் தண்ணீர்க் குழாய் மாதிரி சீராக விடுவதில்லை. எக்ஸாஸ்ட் வால்வு திறக்கும் ஒவ்வொரு முறையும் உள்ளே அழுத்தத்தில் அடைபட்டிருந்த சூடான வாயு ஒரு குத்துக் குத்தி வெளியே பாய்கிறது. ஃபோர் ஸ்ட்ரோக்கில் ஒரு சிலிண்டருக்கு இரண்டு சுற்றுக்கு ஒரு குத்து. அப்படியென்றால் மூன்று சிலிண்டருக்கு ஒரு சுற்றுக்கு ஒன்றரை. நிமிடத்துக்கு 6,000 சுற்றில் எஞ்சின் கதறும்போது நொடிக்கு 150 குத்து. ஐடிலிங்கில், 800 சுற்றில், வெறும் 20. நம் காதில் விழுகிற உறுமல் இந்தக் குத்துகளின் வரிசைதான்.

கும்மிருட்டான அந்தப் பழைய டப்பாவுக்குள் அறைகளும் அவற்றை இணைக்கும் குழாய்களும் இருக்கின்றன. ஒலி அலை ஓர் அறைக்குள் நுழைகிறது, விரிகிறது, சுவரில் மோதித் திரும்புகிறது. திரும்பும் அலையின் மேடு, வரும் அலையின் பள்ளத்தில் விழுந்தால் இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். கடத்தின் வாயைத் திறந்து மூடினால் குரல் மாறுகிறதே, அதே இயற்பியல்தான். கடம் தனக்குப் பிடித்த சுருதியைத் தூக்கிக் கொடுக்கிறது. சைலன்சரின் அறை தனக்குப் பிடித்த சுருதியைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. புதிய சைலன்சரில் இந்த வித்தை எதுவும் கிடையாது. ஓட்டை ஓட்டையாகப் போட்ட ஒரு நேர்க்குழாய், சுற்றிலும் கண்ணாடிப் பஞ்சு. கிரீச்சிடும் மேல்சுருதிகளைப் பஞ்சு உறிஞ்சிவிடும். அடிச்சுருதி அதற்கு மசியாது.

இனி, பறக்கும் என்ற பேச்சு. டர்போ இல்லாத எஞ்சினில், புகை முதலில் நுழையும் பெண்டு பைப்பின் நீளமும் விட்டமும் பெரிய விஷயம். திரும்பி வரும் தாழ்வழுத்த அலை சரியான நேரத்துக்கு வால்வை எட்டினால் மிச்சப் புகையை இழுத்துக்கொண்டு போகும். டர்போ வண்டியில் வழியின் நடுவே ஒரு சக்கரம் உட்கார்ந்திருக்கிறது. இந்த மாதிரிச் சின்ன டர்போ நிமிடத்துக்கு இரண்டு லட்சம் சுற்றைக்கூடத் தொடும். குத்துகளின் வேகத்தை வாங்கித்தான் அது சுழல்கிறது. டர்போ வண்டிகள் பிறவியிலேயே கொஞ்சம் தொண்டை கட்டியவையாக இருப்பது அதனால்தான். அந்தச் சக்கரத்துக்கு முன்னால் அழுத்தம் கூடவும் பின்னால் குறையவும் இருந்தால் நல்லது. ஆகவே பின்வழியைத் தாராளமாக்குவதில் நியாயம் உண்டு.

ஆனால் இவன் மாற்றியது கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்கு அப்பால் உள்ள கடைசித் துண்டை மட்டும். (கன்வெர்ட்டரையே அறுத்து வீசுகிறவர்கள் உண்டு. பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசிய அந்தத் தேன்கூடு இல்லாமல் போனால் ஆக்ஸிஜன் சென்சார் காட்டிக்கொடுத்து, டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரியும். நச்சுப்புகையோ விளக்கைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை.) இன்னொன்று, 172 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை என்று எஞ்சின் கம்ப்யூட்டரில் எழுதியிருந்தால் கம்ப்யூட்டர் அதைத்தான் கொடுக்கும். வழி லேசானால், டர்போவைத் தொடாமல் புகையை ஒதுக்கிவிடும் வேஸ்ட்கேட் கதவைக் கொஞ்சம் முன்னதாகத் திறந்துவிட்டுப் பேசாமல் இருக்கும்.

சோதித்துப் பார்க்கக் கச்சிராயபாளையம் வழியாக, கோமுகி அணையைத் தாண்டி, வெள்ளிமலை ஏறினோம். கல்வராயன் மலையில் சின்னக் கல்வராயன் எனப்படும் பகுதியின் சராசரி உயரம் சுமார் 2,700 அடி. அந்த உயரத்தில் காற்றழுத்தம் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத வண்டி அந்தப் பங்கை அப்படியே இழக்கும். டர்போ கூடுதலாகச் சுழன்று ஈடுகட்டும். கொண்டை ஊசி வளைவுகளில் அவன் மிதித்தபோது பாறை முகடுகள் உறுமலை வாங்கித் திருப்பிக் கொடுத்தன. எனக்கும் மயிர்க்கூச்செறிந்தது, பொய் சொல்வானேன். வேகம் கூடியதாக என் கைக்கடிகாரம் ஒத்துக்கொள்ளவில்லை.

இறங்கும்போது இருட்டிவிட்டது. இரவில் பள்ளத்தாக்கில் குளிர்காற்று தேங்கி, மேலே சூடான அடுக்கு நிற்கும்போது ஒலி வானத்துக்குப் போகாமல் கீழ்நோக்கி வளையும். வண்டி போய் வெகுநேரமாகியும் எங்கோ ஒரு மலையாளிப் பழங்குடியினர் குடியிருப்பில் அது கேட்டுக்கொண்டிருக்கும். புதிதாக விற்கும் காருக்கு 7.5 மீட்டர் தூரத்தில் 74 டெசிபல்தான் சட்ட வரம்பு. பத்து டெசிபல் கூடினால் ஒலியாற்றல் பத்து மடங்கு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ பிரிவு, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ என்கிறது. இரைச்சலுக்கு 190(2) தனியாக, 10,000 வரை. பிடுங்கிய சைலன்சர்களைப் போலீஸ் ரோடு ரோலர் ஏற்றி நசுக்கும் படம் பேப்பரில் வந்தபோது அவனுக்கு அனுப்பிவைத்தேன். "அதெல்லாம் புல்லட்டுக்கு மாமா" என்று பதில் வந்தது.

அவனை மடக்கியது அக்காதான். உளுந்தூர்பேட்டை போகும் நெடுஞ்சாலையில் பின்சீட்டில் உட்கார்ந்தவள் தியாகதுருகம் வருவதற்குள் காதைப் பொத்திக்கொண்டாள். "மண்டைக்குள்ள மாவு மில்லு ஓடுதுடா. இதுக்கா இத்தனை ஆயிரம்?" 2,400 சுற்றில் எஞ்சின் நிலைக்கும்போது நொடிக்குச் சரியாக 60 குத்து. ஹேட்ச்பேக்கில் டிக்கிக்கும் ஆள் உட்காரும் இடத்துக்கும் நடுவே சுவர் கிடையாது. அடிச்சுருதிக்குக் கார் முழுக்க ஒரே பானை.

மறுநாள் காகிதத்தில் கணக்குப் போட்டேன். 300 டிகிரி வாயுவில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 480 மீட்டர் ஓடும். 60ஆல் வகுத்தால் ஓர் அலை 8 மீட்டர். அதில் கால்வாசி நீளத்தில், கடைசி மூடிய ஒரு கிளைக்குழாயைப் பற்றவைத்தால் உள்ளே போன அலை தலைகீழாகத் திரும்பி வந்து அந்த இரைச்சலை அடக்கிவிடும். கால்வாசி என்றால் 2 மீட்டர்.

டேப்பை எடுத்துக்கொண்டு காருக்கு அடியில் படுத்தான். ஆக்ஸில் இருக்கிறது, ஸ்பேர் வீல் குழி இருக்கிறது, பெட்ரோல் டேங்க் இருக்கிறது. இரண்டு மீட்டருக்கு எங்கே இடம்?

"மடக்கி வெச்சா ஆவாதா மாமா?"

"ஆவும். மடக்கி, அறை அறையாத் தடுத்து, ஒரு டப்பாக்குள்ள அடக்கணும்."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு வெளியே வந்தான். மாட்டுக் கொட்டகைப் பரணில், கோணிச் சாக்கில் சுற்றிப் போட்டிருந்த பழைய சைலன்சரை இறக்க ஏணியைத் தேடிப் போனான்.