ஸ்டோமாவைச் சுற்றி எரிகிறதா? பொறுத்துக்கொள்ளாதீர்கள்

புற்றுநோய், குடல் அடைப்பு, விபத்துக் காயம் எனப் பல காரணங்களால் குடலின் ஒரு பகுதியை வயிற்றின் மேல் வெளியே எடுத்து, கழிவு வெளியேற வழி அமைப்பார்கள். அந்த வழிதான் ஸ்டோமா. சிவந்து ஈரமாக இருக்கும் அந்தக் குடல்வாயைத் தொட்டால் வலிக்காது. வலியும் எரிச்சலும் சுற்றியுள்ள தோலுக்குத்தான்.

டென்மார்க்கில் ஸ்டோமா உள்ள 202 பேரைப் பரிசோதித்து 2006இல் வெளியான ஆய்வில், 45 சதவீதத்தினருக்குத் தோல் பாதிப்பு இருந்தது. அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் அதை உணரவே இல்லை. 80 சதவீதத்துக்கும் அதிகமானோர் மருத்துவ உதவியை நாடவில்லை.

பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: கசிவு. சிறுகுடலிலிருந்து நீர்த்து வெளிவரும் கழிவில் செரிமான நொதிகள் இருக்கும். உணவைக் கரைக்கும் அவை தோலையும் அரித்துவிடும். இதைத் தவிர்க்க உதவும், குடல்முனையை வெளிப்புறமாக மடித்துத் தைக்கும் முறையை 1952இல் பிரிட்டிஷ் அறுவை சிகிச்சை நிபுணர் பிரையன் புரூக் விவரித்தார். குழாய்மூக்கு போல நீட்டிக்கொண்டிருக்கும் குடல்வாயிலிருந்து கழிவு, அதைச் சுற்றி வயிற்றில் ஒட்டியிருக்கும் பைக்குள் நேராக விழும்.

அறுவை சிகிச்சைக்குப் பின் ஆறு முதல் எட்டு வாரங்களுக்குள் வீக்கம் வடிந்து ஸ்டோமா சுருங்கும். முதல் நாள் எடுத்த அளவிலேயே பையின் ஒட்டுத்தகட்டை வெட்டிக்கொண்டிருந்தால், இடையில் தெரியும் தோல் புண்ணாகிவிடும். தகட்டின் துளை ஸ்டோமாவைவிடச் சுமார் மூன்று மில்லிமீட்டர் மட்டுமே பெரிதாக இருக்க வேண்டும். ஆகவே அவ்வப்போது அளந்து வெட்டுவது அவசியம்.

கசிவு மட்டுமல்ல, வியர்வை ஈரத்தில் பூஞ்சையும் வளரும். சிவந்த தோலின் ஓரங்களில் சிறு சிறு புள்ளிகளும் அரிப்பும் அதன் அடையாளம். மருத்துவர்கள் பெரும்பாலும் பூஞ்சைக்கொல்லிப் பவுடரைத் தருவார்கள். களிம்பு பூசினால் தகடு ஒட்டாது. தேங்காய் எண்ணெய்க்கும் இதே கதிதான். தகட்டை வெடுக்கென்று பிய்த்தால் தோலின் மேலடுக்கும் சேர்ந்து உரியும். ஒரு கையால் தோலை அழுத்திக்கொண்டு, மெதுவாக உரிக்க வேண்டும். சுத்தம் செய்ய வெதுவெதுப்பான தண்ணீரும் மென்மையான துணியும் போதும். டெட்டால், ஸ்பிரிட் வேண்டாம். ஈரம் முழுக்க உலர்ந்த பிறகே புதுத் தகட்டை ஒட்ட வேண்டும்.

ஓரம் ஊதா நிறமாகி, கடும் வலியுடன் வேகமாகப் பரவும் புண் வேறு வகை. குடல் அழற்சி நோய் உள்ளவர்களுக்கு வரக்கூடிய அதை வெட்டிச் சுத்தம் செய்தால் மேலும் பெரிதாகலாம். உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

பை இருந்தால் தோல் புண்ணாகத்தான் செய்யும் என்று எந்த விதியும் இல்லை. அடுத்த முறை பை மாற்றும்போது தோலை நன்றாகப் பாருங்கள். சிவப்போ ஈரப்புண்ணோ தெரிந்தால் கூச்சப்படாமல் ஸ்டோமா செவிலியரிடமோ அறுவை சிகிச்சை செய்த மருத்துவரிடமோ சொல்லுங்கள்.